மருந்தும் மறைவும்

ஒரு வியாதி வராமலே தடுக்கக்கூடிய மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. அது பலன் தருவதை வைத்திய உலகம் ஒப்புக்கொண்டுவிட்டது. அம்மருந்தைச் செய்யும் தொழிற்சாலைகள் நம் தேசத்திலேயே நடைபெறுகின்றன. அப்படியிருந்தும், 2024ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் உலகத்தில் சுமார் 13 லட்சம் பேரை அவ்வியாதி புதிதாகப் பற்றியது. குற்றம் மருந்தில் இல்லை என்றால் வேறு எங்கே இருக்கிறது?

நாம் குறிப்பிடுவது எய்ட்ஸ் நோயை உண்டாக்கும் எச்.ஐ.வி. என்னும் கிருமியை. குடும்பத்தார் அனைவரும் படிக்கும் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று சில நண்பர்கள் கேட்கக்கூடும். எழுதாதிருந்ததனால் எந்தக் குடும்பம் பிழைத்தது என்று அவர்களை நாம் திருப்பிக் கேட்கிறோம். 1986ஆம் ஆண்டில் இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது நமது சென்னை நகரத்திலேதான். டாக்டர் சுனிதி சாலமன் அம்மையாரும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் அன்று இரத்த மாதிரிகளைச் சேகரித்துச் சோதிக்க முன்வராதிருந்தால், இன்னும் சில வருஷங்கள் நாம் கண்ணை மூடிக்கொண்டே இருந்திருப்போம். அந்த இரண்டு ஸ்திரீகளுக்கு இருந்த தைரியத்தில் பாதியாவது பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இருக்க வேண்டாமா?

மருந்துக்கும் வாலிபர்களுக்கும் நடுவே விலை ஒரு சுவராகவும் வெட்கம் ஒரு சுவராகவும் நிற்கின்றன என்று பலர் சொல்லுகிறார்கள். இரண்டையும் வேறு வேறாகப் பிரித்து, வேறு வேறு பரிகாரம் கூறுவதும் வழக்கமாகிவிட்டது. நமது அபிப்பிராயம் வேறு. கைப்பணத்துக்கு எட்டாத மருந்தை வாங்க விரும்புகிறவன் பிறருடைய பணத்தை நாட வேண்டும். பிறர் பணத்தை நாடினால், எதற்காக என்று பிறர் அறிய வேண்டும். ஆகவே விலை உயர உயர மறைவு குறைகிறது. செல்வன் மறைவாக வாங்கிக்கொள்ளுகிறான். ஏழையோ தன் இரகசியத்தையும் சேர்த்து விலையாகக் கொடுக்கிறான். இது வெறும் தர்க்கமன்று. ஐக்கிய அமெரிக்க நாட்டில் கண்கூடாக நடந்து வருவது. அதை விவரித்துச் சொல்லவே இக்கட்டுரை.

மருந்து யாது?

எச்.ஐ.வி. கிருமி உடலுக்குள் புகுந்ததும், இரத்தத்தில் உள்ள சில அணுக்களுக்குள் நுழைந்து தன்னைப் போன்ற பிரதிகளை எடுக்கத் தொடங்குகிறது. டெனோபோவிர், எம்ட்ரிஸிடபைன் என்ற இரண்டு மருந்துகள் அந்தப் பிரதி எடுக்கும் வேலையைத் தடுக்கின்றன. நோயுற்றவர்களுக்குச் சிகிச்சையாக வழங்கப்பட்ட இவ்விரண்டையும் நோயில்லாதவர் முன்கூட்டியே உட்கொண்டிருந்தால், கிருமி புகுந்தாலும் வேரூன்ற இடமிராது. இதுவே முன்தடுப்பு மாத்திரையின் தத்துவம்.

பெரு, பிரேஸில், தென்னாப்பிரிக்கா முதலிய ஆறு நாடுகளில் 2,499 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆராய்ச்சியின் முடிவு 2010ஆம் ஆண்டில் வெளிவந்தது. மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிடையே புதிய தொற்று 44 சதவிகிதம் குறைந்திருந்தது. கொடுத்த மாத்திரையை எல்லோரும் ஒழுங்காக விழுங்கவில்லை. இரத்தத்தில் மருந்து காணப்பட்டவர்களுக்கோ பாதுகாப்பு மிக மிக அதிகமாக இருந்தது. 2012ஆம் ஆண்டு ஜூலை 16ந் தேதி அமெரிக்க சர்க்கார் இந்த உபயோகத்துக்கு அனுமதி அளித்தது. விதிப்படி உட்கொண்டால், உடற்சேர்க்கையினால் தொற்றும் அபாயம் சுமார் 99 சதவிகிதம் குறைகிறது என்று அந்நாட்டு நோய்த்தடுப்பு இலாகா கூறுகிறது.

இதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. தொடங்குமுன் இரத்தத்தைச் சோதித்து, தொற்று இல்லை என்று நிச்சயித்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே தொற்றியிருப்பவர் சிகிச்சைக்குப் போதாத இந்த இரு மருந்துகளை மட்டும் உட்கொண்டால், கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடும். மூத்திரக்காய்கள் நன்றாக வேலை செய்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சோதனை அவசியம். மேக நோய் முதலிய மற்ற வியாதிகளை இது தடுக்காது. ஆகவே, வைத்தியரைக் கேளாமல் கடையில் வாங்கி விழுங்கத்தக்க மருந்து இதுவன்று. வைத்தியரிடம் வாய்விட்டுப் பேசியே ஆகவேண்டும். அங்கேதான் சங்கடமும் ஆரம்பமாகிறது.

விலையின் கதை

டெனோபோவிரும் எம்ட்ரிஸிடபைனும் சேர்ந்த மாத்திரையை ‘ட்ருவாடா’ என்ற பெயரில் விற்றது கிலியட் என்னும் அமெரிக்கக் கம்பெனி. முன்தடுப்புக்கு இது உதவும் என்று குரங்குகளிடம் சோதித்துப் பார்த்தவர்கள் சர்க்கார் விஞ்ஞானிகள். மேலே சொன்ன ஆறு நாட்டு ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது பெரும்பாலும் அமெரிக்க சர்க்கார். மற்றொரு பகுதியைக் கொடுத்தது கேட்ஸ் தர்மஸ்தாபனம். கம்பெனி கொடுத்தது மாத்திரையை. பொதுஜனங்களின் வரிப்பணத்தில் நிரூபிக்கப்பட்ட மருந்தை அதே ஜனங்களுக்கு, 2019ஆம் ஆண்டு வாக்கில், மாதம் ஒன்றுக்கு 1,700 டாலருக்கு மேற்பட்ட பட்டியல் விலையில் அக்கம்பெனி விற்றது.

அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்க சர்க்காரே கம்பெனியின்மீது வழக்குத் தொடுத்தது. முன்தடுப்பு முறைக்கான பேடண்ட் உரிமை தன்னுடையது, அதைக் கம்பெனி மீறியது என்பது சர்க்காரின் வாதம். 2023ஆம் ஆண்டு மே மாதம் டெலவேர் நியாயஸ்தலத்தில் ஜூரிகள் கம்பெனியின் பக்கமே தீர்ப்பளித்தார்கள். சர்க்காரின் பேடண்டுகளே செல்லாதவை என்றார்கள். 2025 ஜனவரியில் இரு தரப்பாரும் ராஜியாகிவிட்டார்கள். தன் விஞ்ஞானிகளின் உழைப்பைக் காத்துக்கொள்ளத் தெரியாத சர்க்கார், தன் வாலிபர்களின் இரத்தத்தை எப்படிக் காக்கும் என்று அந்நாட்டார் கேட்டால் அதில் தவறில்லை.

சட்டத்தினால் இறங்காத விலையைப் போட்டி இறக்கியது. 2020 அக்டோபரில் வேறொரு கம்பெனியின் மாத்திரை சந்தைக்கு வந்தது. 2021ஆம் ஆண்டில் மேலும் பல கம்பெனிகள் புகுந்தன. சில்லறை விலையே சில இடங்களில் மாதத்துக்கு 30 டாலர் அளவுக்குச் சரிந்தது. ஐம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம்! மாத்திரை மாறவில்லை. அதன் குணமும் மாறவில்லை. ஏகபோகம் ஒன்றுதான் ஒழிந்தது.

தகப்பனார் பெயருக்கு வரும் கடிதம்

அமெரிக்காவில் வைத்தியச் செலவைப் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கொடுக்கின்றன. 2010ஆம் ஆண்டின் சட்டப்படி, பிள்ளைகள் 26 வயது வரையில் பெற்றோரின் பாலிஸியிலேயே இருக்கலாம். 2019 ஜூன் மாதத்தில் வைத்திய நிபுணர்களின் சபை ஒன்று முன்தடுப்பு மருந்தை முதல் தரத்தில் சிபார்சு செய்தது. அச்சிபார்சின் பலனாக, பெரும்பாலான இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இம்மருந்தையும் அதற்கு வேண்டிய சோதனைகளையும் கைச்செலவின்றி அளிக்கக் கடமைப்பட்டன. டெக்ஸஸ் மாகாணத்துக் கம்பெனி ஒன்று, இம்மருந்துக்குப் பணம் கொடுப்பது தன் மதக் கொள்கைக்கு விரோதம் என்றும், சிபார்சு செய்த சபை நியமிக்கப்பட்ட முறையே செல்லாது என்றும் வழக்காடியது. நியமன விஷயம் சுப்ரீம் கோர்ட் வரை சென்று, 2025 ஜூன் 27ந் தேதி ஆறு நீதிபதிகளுக்கு மூவர் எதிராக நிற்க, சபை செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. ஆனால் அத்தீர்ப்பில் ஒரு முள்ளும் இருக்கிறது. சபையின் அங்கத்தினர்களை நீக்கவும் சிபார்சுகளைப் பரிசீலிக்கவும் சுகாதார மந்திரிக்கு அதிகாரம் உண்டு என்பதே அதன் அடிப்படை. ஆகவே, வாலிபர்களின் மருந்து ஒரு மந்திரியின் மனப்போக்கைப் பொறுத்து நிற்கிறது.

அது கிடக்க. பணம் இல்லாமல் மருந்து கிடைக்கிறதே, இன்னும் என்ன குறை என்று கேட்கலாம். இருபத்திரண்டு வயதுள்ள ஒரு வாலிபனை எண்ணிப் பாருங்கள். கல்லூரியில் படிக்கிறான், தகப்பனாரின் பாலிஸியில் இருக்கிறான். வைத்தியரிடம் சென்று சோதித்துக்கொண்டு மருந்து பெறுகிறான். சில வாரங்களில் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து செலவு விவரக் கடிதம் ஒன்று புறப்படுகிறது. எந்த வைத்தியர், எந்தத் தேதி, என்ன பணி, எவ்வளவு தொகை என்ற விவரங்கள் அதில் இருக்கும். கடிதம் பாலிஸிக்காரர் பெயருக்கு வரும். பாலிஸிக்காரர் தகப்பனார்! சாப்பாட்டு மேஜையில் கடிதம் பிரிக்கப்படுகிறது. மகன் எவரோடு பழகுகிறான், ஏன் இந்தச் சோதனை என்ற கேள்விகள் எழுகின்றன. சில வீடுகளில் கேள்வியோடு நின்றுவிடும். சில வீடுகளில் பிள்ளை வெளியே தள்ளப்படுவான். இந்தக் கடிதத்துக்கு அஞ்சியே மருந்தை வேண்டாம் என்று விடும் வாலிபர்கள் இருக்கிறார்கள். 2022ஆம் ஆண்டில் அமெரிக்காவில் புதிதாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டவர்களில் சுமார் ஐந்தில் ஒரு பங்கினர் 13 முதல் 24 வயதுக்குட்பட்டவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தில் இதற்குப் பரிகாரமே இல்லையா? உண்டு; ஆனால் அரைகுறையானது. 1996ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் செய்யப்பட்ட விதிகளின்படி, கடிதங்களை வேறு விலாசத்துக்கு அனுப்பும்படி எவரும் எழுதிக் கேட்கலாம். வைத்தியரானால் நியாயமான கோரிக்கைக்கு இணங்கியே தீரவேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனியோ, செய்தி வெளிப்பட்டால் தனக்கு அபாயம் நேரும் என்று கேட்பவர் எழுதிக் கொடுத்தால்தான் கட்டுப்படும். தன் வீட்டாரே தனக்கு அபாயம் என்று ஓர் இளைஞன் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டுமாம்! வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு, சட்டம் எழுதினவர்கள் எந்த வீட்டில் வளர்ந்தவர்கள் என்ற சந்தேகம் உண்டாகிறது.

கலிபோர்னியா மாகாணம் இதை உணர்ந்து 2015 முதல் அமுலுக்கு வந்த சட்டத்தினால் வழியை எளிதாக்கியது. 2022 ஜூலை முதல் இன்னும் ஒரு படி மேலே சென்று, இத்தகைய அந்தரங்க சிகிச்சைகளைப் பற்றிய கடிதங்கள் சிகிச்சை பெற்றவருக்கே நேராகச் செல்ல வேண்டும், பாலிஸிக்காரரின் சம்மதம் தேவையில்லை என்று விதித்தது. மாஸசூஸெட்ஸ் மாகாணமும் 2018இல் இதே நோக்கத்துடன் சட்டம் இயற்றியது. மற்றப் பல மாகாணங்களில் பழைய நிலையே.

பாலிஸியைத் தொட அஞ்சும் வாலிபர்களுக்கு அங்கே வேறு மார்க்கங்களும் உண்டு. வருமானத்துக்குத் தக்கபடி கட்டணம் வாங்கும் சமூக வைத்திய நிலையங்கள் இருக்கின்றன. வருமானமற்றவர்களுக்கு மருந்துக் கம்பெனிகளே உதவித் திட்டம் நடத்துகின்றன. எல்லாவற்றிலும் எளிய மார்க்கம் எது தெரியுமா? 30 டாலரைக் கைப்பணமாகக் கொடுத்து மாத்திரை வாங்குவதே. சோதனையைச் சமூக நிலையத்திலும், மாத்திரையை ரொக்கத்துக்கும் வைத்துக்கொண்டால், கடிதமும் இல்லை, கேள்வியும் இல்லை. சட்டசபைகள் பல வருஷம் விவாதித்தும் முழுமையாகக் கொடுக்க முடியாத அந்தரங்கத்தை மலிவு விலை ஒரே நாளில் கொடுத்துவிட்டது! நாம் முதலில் சொன்ன உண்மை இங்கே விளங்குகிறது.

ஆப்பிரிக்க யுவதிகள் கற்பித்த பாடம்

மறைவு என்பது மருந்துக்குப் புறம்பான சௌகரியம் என்று நினைப்பவர்கள் தென்னாப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் நடந்ததைக் கவனிக்க வேண்டும். அங்கே 5,029 பெண்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முழு விவரம் 2015ஆம் ஆண்டில் பிரசுரமாயிற்று. மருந்து இலவசமாகவே கொடுக்கப்பட்டது. எனினும் பாதுகாப்பு ஏற்படவில்லை. காரணம் தேடி இரத்தத்தைச் சோதித்தபோது, மாத்திரை கொடுக்கப்பட்ட பெண்களின் இரத்த மாதிரிகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கில்கூட மருந்து காணப்படவில்லை. விழுங்காத மாத்திரை எப்படிப் பலன் தரும்? ஏன் விழுங்கவில்லை என்று விசாரித்தபோது, மாத்திரைக் குப்பியைக் கண்டால் கணவனும் அண்டை அயலாரும் நம்மையே நோயாளி என்று நினைப்பார்கள் என்ற பயமும் காரணங்களில் ஒன்றாக வெளிப்பட்டது. நோயாளிகள் உண்பதும் இதே மருந்தல்லவா?

பிறகு லெனகாபவிர் என்னும் புதிய மருந்து வந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலின்கீழ் ஊசியாகப் போட்டால் போதும். வீட்டில் குப்பி இல்லை. தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்க ஒன்றுமில்லை. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட பெண்களிடையே இதைச் சோதித்தார்கள். 2024ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூட தொற்று ஏற்படவில்லை. பழைய மாத்திரை பெற்ற 1,068 பேரில் 16 பேருக்குத் தொற்றியது. மாத்திரையை ஒழுங்காக உண்டவர்கள் அங்கேயும் சிலரே. தினந்தோறும் ஒளித்து உண்ண வேண்டிய மருந்துக்கும், ஒருவர் கண்ணிலும் படாத மருந்துக்கும் உள்ள வித்தியாசம் இந்த எண்களில் அடங்கியிருக்கிறது. மறைவும் மருந்தின் சரக்குகளில் ஒன்று என்று நாம் சொன்னால் அது மிகையாகுமா?

நம் தேசத்தின் பங்கு

இந்த ஊசிக்கு அமெரிக்காவில் 2025 ஜூன் 18ந் தேதி அனுமதி கிடைத்தது. கிலியட் கம்பெனி வைத்த பட்டியல் விலை வருஷத்துக்கு 28,218 டாலர். மறுபடியும் பழைய கதை! ஆனால் இம்முறை கதையின் மறுபாதி நம் நாட்டில் எழுதப்படுகிறது. 2024 அக்டோபரில் ஆறு கம்பெனிகளுக்கு, 120 நாடுகளுக்காக இம்மருந்தைச் செய்து விற்கும் உரிமையைக் கிலியட் அளித்தது. அவற்றில் ஹைதராபாத்தைச் சேர்ந்த டாக்டர் ரெட்டீஸ், ஹெட்டரோ ஆகிய இரண்டும், 2027 முதல் வருஷத்துக்கு சுமார் 40 டாலரில் இதைத் தருவதாக 2025 செப்டம்பரில் ஏற்பாடாயிற்று. எழுநூறு மடங்கு வித்தியாசம்.

இந்தத் திறமை நம் தொழிற்சாலைகளுக்கு ஒரு நாளில் வந்ததன்று. வெள்ளையர் காலத்துப் பேடண்ட் சட்டத்தை ஆராய்ந்து 1959ஆம் ஆண்டில் அறிக்கை தந்தவர் நமது சென்னை நியாயவாதிகளில் ஒருவராக விளங்கி நீதிபதியான ந. ராஜகோபாலய்யங்கார். உணவு, மருந்து இவற்றில் ஏகபோகம் கூடாது என்ற அவருடைய கருத்தைத் தழுவி 1970ஆம் ஆண்டின் பேடண்ட் சட்டம் பிறந்தது. மருந்துச் சரக்குக்குப் பேடண்ட் இல்லை. செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்று அது வகுத்தது. அதன் நிழலில் வளர்ந்த ஸிப்லா கம்பெனிதான், எய்ட்ஸ் சிகிச்சைக்கு வருஷத்துக்குப் பதினாயிரம் டாலருக்கு மேல் மேல்நாட்டுக் கம்பெனிகள் கேட்டுவந்த காலத்தில், 2001ஆம் ஆண்டில் 350 டாலருக்குத் தருவதாக அறிவித்து உலகத்தைத் திகைக்கச் செய்தது. 2005ஆம் ஆண்டில் சர்வதேச வர்த்தக உடன்படிக்கைக்காக அந்தச் சட்டம் திருத்தப்பட்டுவிட்டது. ஆயினும் மிஞ்சியிருந்த பிரிவுகளைக் கொண்டே டெனோபோவிருக்குக் கேட்ட பேடண்டை 2009இல் நம் பேடண்ட் ஆபீஸ் நிராகரித்தது.

இதில் ஒரு விஷயத்தை நாம் மறக்கலாகாது. இப்பொழுது வந்திருக்கும் 40 டாலர் ஊசி, கம்பெனி மனமிரங்கிக் கொடுத்த லைஸென்ஸினால் வருவது, உரிமையினால் வருவதன்று. அர்ஜென்டினா, பிரேஸில், மெக்ஸிகோ, பெரு ஆகிய நாடுகளின் ஜனங்கள் தங்கள் உடலைக் கொடுத்து இம்மருந்தின் சோதனைக்கு உதவினார்கள். லைஸென்ஸில் குறிப்பிட்ட 120 நாடுகளில் அந்த நான்கும் இல்லை. பிறர் தயவில் கிடைப்பது பிறர் நினைத்தால் நின்றுவிடும் என்பதற்கு மற்றோர் உதாரணமும் உண்டு. 2025 ஜனவரியில் அமெரிக்க சர்க்கார் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. பின்பு ஓரளவு விலக்களித்தபோதும், தன் பணத்தில் வழங்கும் முன்தடுப்பு மருந்து கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மட்டுமே என்று குறுக்கியது. அந்தப் பணத்தை நம்பியிருந்த மற்ற வாலிபர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

நம் வீட்டு நிலை

உலகத்துக்கு மருந்து செய்து அனுப்பும் நாம் நம் வாலிபர்களுக்கு என்ன செய்திருக்கிறோம்? இந்தியாவில் சுமார் 25 லட்சம் பேர் இக்கிருமியோடு வாழ்கிறார்கள். 2004 ஏப்ரல் 1 முதல் நோயுற்றோருக்கு சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் மருந்து இலவசம். நமது தாம்பரம் ஆஸ்பத்திரி அத்திட்டம் முதலில் தொடங்கிய இடங்களில் ஒன்று. சோதனையும் இலவசம். தமிழ்நாட்டில் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற பெயரில் சோதனையும் ஆலோசனையும் அந்தரங்கமாக நடக்கின்றன. பதினெட்டு வயது நிறைந்தவர் தம் சொந்தச் சம்மதத்தின் பேரிலேயே சோதித்துக்கொள்ளலாம். பெற்றோரைக் கேட்க வேண்டியதில்லை. 1097 என்ற எண்ணுக்குக் கட்டணமின்றி டெலிபோன் செய்து விவரம் கேட்கலாம். கிருமி தொற்றியிருக்குமோ என்று அஞ்சத்தக்க சம்பவம் நேர்ந்துவிட்டால், 72 மணி நேரத்துக்குள் வைத்தியரை அடைந்து 28 நாள் மருந்து உண்டு தப்பிக்கவும் வழியுண்டு. இதை நம் வாசகர்கள் தமக்குத் தெரிந்த வாலிபர்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டுகிறோம்.

முன்தடுப்பு மாத்திரை மட்டும் இன்னும் பெரும்பாலும் தனியார் வைத்தியர் சீட்டிலும் தனியார் மருந்துக்கடையிலும் கைப்பணத்துக்கே கிடைக்கிறது. மாதச் சம்பளக்காரனுக்கு அது தாங்கும், தினக்கூலிக்காரனுக்குத் தாங்காது. அமெரிக்காவில் கடிதம் காட்டிக்கொடுக்கிறதென்றால், நம் ஊரில் கடைத்தெருவே காட்டிக்கொடுக்கும். சிறு பட்டணத்தில் மருந்துக்கடைக்காரர் அப்பாவின் சிநேகிதராக இருப்பார். பக்கத்தில் நிற்பவர் மாமாவாக இருப்பார். கலியாணப் பேச்சு நடக்கும் வீட்டில் சீட்டு ஒன்று அகப்பட்டால் போதும்.

சட்டம் நம் பக்கம் ஓரளவு இருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதே ஆண்டில் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் 10 முதல் அமுலில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டம், நம்பிக்கையின் பேரில் சொல்லப்பட்ட ஒருவருடைய நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடலாகாது என்கிறது. ஆனால் அச்சட்டத்தின் பாதுகாப்புகளில் பல, கிருமியோடு வாழ்பவரையும் அவரோடு வசிப்பவரையும் கருதி எழுதப்பட்டவை. நோயில்லாமல், நோய் வராமலிருக்க மருந்து உண்பவனைப் பெயர் சொல்லிக் காக்கும் பிரிவு அதில் இல்லை. சட்டம் எழுதியபோது அவன் எவர் நினைவிலும் இல்லை போலும்.

ஓர் ஆட்சேபம்

இம்மருந்தை எளிதாக்கினால் ஒழுக்கம் கெடும் என்று சில பெரியோர்கள் கூறுகிறார்கள். குடை பிடித்தவன் மழையை அழைத்தான் என்பதற்கு ஒப்பானது இவ்வாதம். ஒழுக்கத்தில் அவர்களுக்குள்ள அக்கறையை நாம் மதிக்கிறோம். ஆனால் இவ்வியாதி ஒழுக்கமுள்ளவர்களை விட்டுவிடுகிறதா? கென்யாவிலும் உகாண்டாவிலும் ஒருவருக்கு நோயிருந்து மற்றவருக்கு இல்லாத 4,747 தம்பதிகளிடையே இம்மாத்திரை சோதிக்கப்பட்டது. தொற்று 75 சதவிகிதம் குறைந்தது. கணவனுக்கு நோயிருந்தும் அவனை விட்டு அகலாத பத்தினிக்கு இது வேண்டாமா? பிழைப்புக்காக வெகுதூரம் சென்று திரும்பும் கணவனை எதிர்பார்த்திருக்கும் பெண்ணுக்கு வேண்டாமா? அவர்களுக்கு வேண்டுமென்றால், கடைப்பலகையில் ஒழுக்கச் சோதனை நடத்தி ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்கு மறுக்க முடியாது. பிள்ளையின் நடத்தை தகப்பனாருக்குப் பிடிக்காமலிருக்கலாம். அதற்குத் தண்டனை ஆயுள் முழுவதும் நீடிக்கும் வியாதி என்று எந்தத் தகப்பனாரும் விதிக்கமாட்டார்.

செய்ய வேண்டியது என்ன?

நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசமாக நடக்கும் அதே அறையில், தேவைப்பட்டவர்களுக்கு முன்தடுப்பு மருந்தையும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். தொற்று இல்லை என்று சொல்லி அனுப்பும் வாலிபனிடம், தொற்றாமலே இருக்க இதோ மருந்து என்று சொல்ல ஏன் தயக்கம்? எல்லா வியாதிக்காரர்களும் வந்து போகும் பொது வாசல் வழியே அதைக் கொடுத்தால் எவரும் சந்தேகியார். மருந்தின் பெயர் வெளியே தெரியாத சாதாரண உறையில் கொடுப்பதற்குப் பெருஞ்செலவு இல்லை. 2017ஆம் ஆண்டின் சட்டத்தில், மருந்து உண்பவரின் விவரத்தை வீட்டாரிடமோ, எஜமானனிடமோ, இன்ஷூரன்ஸ் பாலிஸிக்காரரிடமோ வெளியிடலாகாது என்று தெளிவான ஒரு பிரிவைச் சேர்க்க வேண்டும். நம் நாட்டிலும் குடும்ப இன்ஷூரன்ஸ் பரவி வருகிறது. அமெரிக்கக் கடிதம் இங்கே வந்து சேருமுன் கதவை அடைப்பது புத்திசாலித்தனம். 2027இல் ஹைதராபாத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் ஏறப்போகும் ஊசி, ஹைதராபாத்துக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் முதலில் எட்டும்படி சர்க்கார் இன்றே ஏற்பாடு செய்ய வேண்டும்.

தேசத் தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடையில் பேசக் கூசும் விஷயமாக இதை ஒதுக்கிவைத்தால், மலிவு விலையைக் கேட்கும் குரலே எழாமல் போகும். பாதிக்கப்படுகிறவன் பேசமாட்டான்; அவனுடைய மௌனமே அவனுக்குப் பாதுகாப்பு. தன் உரிமைக்காகத் தெருவுக்கு வந்து கோஷமிட்டால் அவன் காக்க விரும்பும் இரகசியமே போய்விடுகிறது. ஆதலால் அவனுக்காகப் பேசவேண்டியவர்கள், இழப்பதற்கு இரகசியம் ஒன்றும் இல்லாத நாம்தான். ஏகபோகத்தை எதிர்த்தும் பேடண்ட் சட்டங்களைக் குறித்தும் பேசும் மேடைகளில், இருபது வயது வாலிபன் ஒருவன் மருந்துக்கடை வாசலில் நின்று உள்ளே போகாமல் திரும்புகிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவன் நாளைக்கு உள்ளே போகும்படி செய்ய நம் சட்டசபை அங்கத்தினர்கள் இந்த வருஷமாவது முன்வருவார்களா?